தாஹிரா மெலிந்து வருகிறாள்

தேயிலைத் தோட்டம்,
பிரிஞ்சாங் அருகில், கேமரன் மலை.
10-2-1981

என் அன்புத் தோழி தாஹிராவுக்கு,

ருக்குமணி எழுதுவது. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவேன், உன் வீட்டில்தான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். காரணத்தைப் படித்த பிறகு கோபப்படு.

பொங்கல் முடிந்த வாரம், கூடை நிறையக் கொழுந்தோடு சரிவில் இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. செடிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கங்காணி செல்லையா, "என்னம்மா, பாம்பா?" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். பாம்பாக இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். எழவே முடியவில்லை.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் என்னைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே நம் தமிழ்ப் பெண் ஒருவர் டாக்டராக வந்திருக்கிறார். எடை போட்டால் எண்பத்தாறு கிலோ. ரத்தக்கொதிப்பும் ஏறிக் கிடக்கிறதாம். "உங்க அம்மாவுக்கு இருந்துச்சா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். என் அம்மா ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்த கிடை உனக்குத் தெரியுமே. பள்ளிக்கூடம் விட்டதும் உன் வாப்பா கடை ரொட்டியைக் கொண்டுவந்து தேநீரில் தோய்த்து அவளுக்கு ஊட்டியவள் நீ. அவள் விழுந்த வயதை நான் நெருங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் காலையில் கண் விழித்தால் முதலில் இரண்டு கையையும் தூக்கிப் பார்க்கிறேன். இரண்டும் எழும்பினால்தான் மூச்சு வருகிறது.

டாக்டர் என்னவெல்லாம் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். "காலையில ஒரு தே ஓ, பாலில்லாத தேத்தண்ணி. பேர் கூப்பிடற பெரட்டுக்கு ஓடணும்லா, பசியாற நேரம் ஏது? மத்தியானம் மலையிலயே ரெண்டு வாய். எல்லா வேலையும் முடிஞ்சு ராத்திரிதான் ஆற அமர சாப்பிடுவேன். சாப்பிட்டதும் படுத்துடுவேன்" என்றேன். அவர் திட்டவில்லை. "பட்டினி கிடக்காதீங்க. சாப்பாட்டைத் தலைகீழா மாத்துங்க. காலையில வயிறாரப் பசியாறுங்க. மத்தியானம் அளவாச் சோறு. ராத்திரிச் சாப்பாட்டைப் பொழுது சாயும்போதே முடிச்சிடுங்க. அப்புறம் விடியிற வரைக்கும் தண்ணி மட்டுந்தான். உடம்பு தானா இறங்கும், ஆனா மெதுவாத்தான் இறங்கும். அவசரப்படாதீங்க" என்றார்.

இரண்டு வாரமாகச் செய்கிறேன். பொழுது சாய்ந்ததும் இந்தக் குளிரில் பசி எப்படி எடுக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டு மணியம்மா நெத்திலி பொரிக்கிறாள், என் உயிர் அடுப்பங்கரையில் போய் நிற்கிறது.

பயமாக இருக்கிறது தாஹிரா. உன்னிடம் சொன்னால் பாதியாவது குறையும்.

உன்,
ருக்கு


பினாங்கு
1-3-1981

அன்புள்ள ருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைப் பார்த்துக் கோபம் போய் அழுகை வந்தது, அப்புறம் மணியம்மா நெத்திலியில் சிரிப்பு வந்தது. அல்லாஹ் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். நீ உன் அம்மா இல்லை. இரண்டு கையும் எழும்பும்.

உனக்கு எண்பத்தாறு என்றால் நான் மட்டும் என்னவாம்? கடைத் தராசில் ஏறி நின்று பார்த்தேன், உன்னைவிட ஒரு கிலோ கூட. நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரன் பெண்டாட்டி வேறு எப்படி இருப்பாள்? கடை அடைத்து, மிச்சம் மீதியை வழித்து, எல்லாரும் தூங்கிய பிறகு தட்டில் மலை மாதிரி குவித்துத் தின்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், மனதோடு வைத்துக்கொள். போன மாதம் ஒரு நிக்காஹ் வீட்டில் மாமியார் எல்லார் முன்னாலும், "கமருக்கு இன்னொண்ணு பாத்துடலாமா? இவ ரெண்டு ஆள் எடத்த அடைக்கிறா" என்றார். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். கட்டிய புருஷனும் சிரித்தார், ருக்கு. மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் கடைக்குச் சாமான் வாங்க அக்கரையில் பட்டர்வொர்த் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பினால் அதுவரைக்கும் நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

அதனால் நானும் உன்னோடு சேர்ந்துகொள்கிறேன். நீ மலையில், நான் தீவில். மஃரிபு தொழுகைக்கு முன்னால், பொழுதோடு சாப்பிட்டுவிடுவேன். அதோடு திங்களும் வியாழனும் நோன்பு வைப்பேன். எனக்கு அது பழக்கம்தானே. பார்க்கலாம், யார் முதலில் பழைய ரவிக்கைக்குள் நுழைகிறோம் என்று.

உன் வீட்டுக்காரர் தங்கையா அண்ணனுக்கு என் சலாம்.

உன் உயிர்த் தோழி,
தாஹிரா


கேமரன் மலை
19-4-1981

அன்புத் தாஹிராவுக்கு,

உன் மாமியார் சொன்னதைப் படித்ததிலிருந்து அந்த அம்மாளோடு மனதுக்குள் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணன் சிரித்தது அசட்டுச் சிரிப்பாக இருக்கும். ஆம்பளைகளுக்கு அம்மா முன்னால் வாய் வராது. நீயாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளாதே.

என் கதையைக் கேள். மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. சிரிக்காதே. டாக்டர் அதற்கே கைதட்டினார். தலைவலி விட்டுவிட்டது. இப்போது காலையில் இட்லியோ சப்பாத்தியோ சாப்பிடாமல் நான் பெரட்டுக்குப் போவதில்லை. முன்பு மத்தியானத்துக்குள் கை நடுங்கும், இப்போது இல்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் சமைத்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுகிறேன். முதலில் என் வீட்டுக்காரர், "என்னடி இது, கோழிக்கு முன்னால கூட்டுக்குள்ள போறே?" என்று கிண்டல் செய்தார். தனியாகச் சாப்பிட அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது, இப்போது என்னோடு உட்கார்ந்துவிடுகிறார்.

சித்திரைத் திருவிழாவில் மட்டும் தவறிவிட்டேன். கோயிலில் சாமி சுற்றி வரவே நேரமாகிவிட்டது. அன்னதானம் போட்டார்கள். ஒரு பிடி பிடித்தேன். மறுநாள் டாக்டரிடம் போய் அழுகிற முகத்தோடு நின்றேன். "ஒரு நாள்தானே, இன்னிக்குத் திரும்பப் பிடிச்சுக்குங்க. அதுக்காகப் பட்டினி கிடக்க வேணாம்" என்றுவிட்டார்.

உன் எடை என்ன? எழுதவே இல்லையே.

உன்,
ருக்கு


பினாங்கு
17-5-1981

என் ருக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. பதினோரு கிலோ!

நிஜமாகத்தான். தராசு பொய் சொல்கிறது என்று அரிசி மூட்டையை வைத்துச் சரி பார்த்தேன். போன மாதத்திலிருந்து கடகடவென்று இறங்குகிறது. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை உள்ளே போகிறது, போய் இடமும் மிச்சமிருக்கிறது. போன வாரம் அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பிரிஞ்சாங்ல உங்க வாப்பா கடையில பாத்த புள்ள மாதிரி இருக்கே" என்றார். மறுநாள் பச்சையில் ஒரு சேலை. பட்டர்வொர்த்திலிருந்து நேரத்தோடு திரும்புகிறார். மாமியாருக்குத்தான் வாய் அடைத்துவிட்டது.

இத்தனைக்கும் இப்போது நான் முன்னைப்போல் கட்டுப்பாடாகக்கூட இல்லை. பசி தாங்காமல் நடுவில் தின்றுவிடுகிறேன். அப்படியும் இறங்குகிறது. என் உடம்பு வாகு அப்படி. உனக்கு ஏன் இவ்வளவு மெதுவாக இறங்குகிறது? அந்த டாக்டர் உன்னை ஏமாற்றுகிறாரோ என்னவோ.

இங்கே வெயில் கொளுத்துகிறது. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்குவதில்லை. இனிப்புச் சிராப் தண்ணியை ஜாடி ஜாடியாகக் குடிக்கிறேன். அதனால் இரவெல்லாம் எழுந்து போக வேண்டியிருக்கிறது, தூக்கம் கெடுகிறது. கொஞ்சம் அசதி. கால் விரலில் செருப்பு கடித்த புண் ஒன்று ஆறாமல் தொல்லை கொடுக்கிறது. மற்றபடி நான் பறந்துகொண்டிருக்கிறேன்.

நோன்பு மாதம் வருகிறது. அது முடிவதற்குள் பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரி ஆகிவிடுவேன், பார்.

உன் ஒல்லித் தோழி,
தாஹிரா


கேமரன் மலை
7-6-1981

அன்புத் தாஹிராவுக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்தது, மறைக்க மாட்டேன். என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர், "சாப்பிட்டுமா இறங்குது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி என்னை விடவில்லை.

நேற்று டாக்டரிடம் போனபோது உன்னைப் பற்றிச் சொன்னேன். பேர் சொல்லவில்லை, என் தோழி என்று மட்டும். பதினோரு கிலோ என்றதும் அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தாகம் இருக்கா?" என்றார். இருக்கு என்றேன். "ராத்திரி எந்திரிக்கிறாங்களா? அசதியா? புண்ணு ஏதும் ஆறாம இருக்கா?" நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக, "அவங்க சிறுநீர் போற எடத்துல எறும்பு மொய்க்குதான்னு கேளுங்க" என்றார்.

தாஹிரா, அது இனிப்பு நீர் வியாதியாக இருக்கலாம் என்கிறார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். உடம்பு தன்னையே தின்றுகொண்டு இளைப்பதாம் அது. நேரத்துக்குச் சாப்பிட்டு இளைத்தால் என்னை மாதிரி ஆமை வேகத்தில்தான் இளைக்க முடியும் என்கிறார். உடனே ரத்தத்தைச் சோதிக்க வேண்டுமாம். அதற்கு முன்னால் நோன்பு வைக்கவே கூடாதாம்.

ஒரு முஸ்லிம் பெண்ணிடம் நோன்பு வைக்காதே என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நோயாளிக்குச் சலுகை உண்டு என்று உன் வாப்பா கடையில் உட்கார்ந்து சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

தயவுசெய்து நாளைக்கே போ. ஒன்றும் இல்லை என்று வந்தால் என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது, அதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கிறேன்.

உன்,
ருக்கு


பினாங்கு
24-6-1981

ருக்குமணிக்கு,

உன் கடிதம் வந்தது. நல்லவேளை, அவர் கடையில் இருந்தார், நான் வாங்கினேன். இப்போதெல்லாம் தபால் வந்தால் அவர்தான் உரக்கப் படிக்கிறார். இதை அவர் படித்திருந்தால்?

என் உடம்பை ஊர் பேர் தெரியாத ஒரு டாக்டரிடம் போய்க் கடை விரித்தாயா? உனக்கு மூன்று கிலோ, எனக்குப் பதினொன்று. அதுதான் உன்னை உறுத்துகிறது. பொறாமை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

என் பெரியம்மா பீவியை உனக்குத் தெரியும். இனிப்பு நீர் என்று சொல்லிக் காலை எடுத்தார்கள். கால் போன வருஷமே பெரியப்பா வேறொருத்தியைக் கொண்டுவந்தார். பெரியம்மா அவளுக்குச் சமையல்கட்டில் உட்கார்ந்தபடியே வெங்காயம் உரித்துக் கொடுத்துக் காலத்தை ஓட்டினாள். என்னை அந்த இடத்தில் உட்காரச் சொல்கிறாயா? இப்போதுதான் என் மச்சான் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். சீக்காளி என்ற பேரை நானே வாங்கி நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டுமா?

நான் நன்றாக இருக்கிறேன். நோன்பு வைப்பேன். நீ இப்படியெல்லாம் எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

தாஹிரா


கேமரன் மலை
12-7-1981

அன்புத் தாஹிராவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். திட்டியதற்கு எனக்கு வருத்தம் இல்லை.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாய். எறும்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை.

பிரிஞ்சாங்கில் வாப்பா கடையைப் பார்க்கும் உன் தம்பி நூர்தீனிடம் விசாரித்தேன். "அக்காவுக்கு என்ன, ஹீரோயின் மாதிரி ஆயிட்டாங்க. எல்லாரும் அதைத்தான் பேசறாங்க" என்று சிரித்தார். எல்லாரும் சிரிக்கிறார்கள். மலையில் நான் ஒருத்திதான் பயந்து சாகிறேன். கொழுந்து பறிக்கிற கை நின்றுபோகிறது, கங்காணி சத்தம் போடுகிறார்.

உனக்கு நோன்பு நடந்துகொண்டிருக்கிறது. பகலெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அந்தத் தாகத்தோடு நீ எப்படி இருக்கிறாய்? ஒரு வரி எழுது. "உயிரோடு இருக்கிறேன், போடி" என்று எழுதினாலும் போதும்.

உன்,
ருக்கு


கேமரன் மலை
1-8-1981

தாஹிரா,

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்குப் போடுவதா, ஆஸ்பத்திரிக்குப் போடுவதா என்று தெரியாமல் எழுதுகிறேன். படிக்கிற நிலையில் நீ இருக்கிறாயா என்றும் தெரியவில்லை.

பதில் வராததால் கங்காணியிடம் லீவு கேட்டுக்கொண்டு புறப்பட்டேன். "அடுத்தவங்க குடும்பத்துல நுழையாதேடி" என்று என் வீட்டுக்காரர் தடுத்தார். அப்புறம் அவரே தாப்பா பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பட்டர்வொர்த்தில் தீவுக்குப் போகும் பெரிப் படகில் ஏறியபோது திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கடைக்கு மேலே மாடியில் உன்னைப் பார்த்ததை மறக்க முடியவில்லை. பச்சைச் சேலையில் எலும்பைச் சுற்றி வைத்த மாதிரி இருந்தாய். நீ, "போயிரு ருக்கு, யாரும் பாக்கறதுக்கு முன்னால போயிரு" என்றாய். பெருமூச்சு பெருமூச்சாக விட்டாய். உன் மூச்சில் அழுகின பழத்தின் வாடை வந்தது. நான் பேசப் பேச நீ கண்ணை மூடிக்கொண்டாய், கோபத்தில் என்று நினைத்தேன். தொட்டு உலுக்கியபோதுதான் நினைவு தப்புகிறது என்று புரிந்தது.

அதற்குப் பிறகு கீழே நடந்தது உனக்குத் தெரியாது. நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொல்லி நீ கேட்க வேண்டாம்.

கடை முன்னால் கூட்டம். நோன்பு திறக்கக் கஞ்சி வாங்க வந்தவர்கள். கமருஸ்ஸமான் அண்ணன் கரண்டியும் கையுமாக நின்றார். "அண்ணே, மேல வாங்க, தாஹிராவுக்கு முடியல" என்றேன்.

"நோன்பு அசதி. கொஞ்ச நேரத்துல பாங்கு சொல்லிடுவாங்க, சரியாப் போயிரும்" என்றார்.

"அசதி இல்லண்ணே. அவளுக்கு இனிப்பு நீர். மூணு மாசமா மறைக்கிறா."

"யார் சொன்னா? அவ நல்லா இளைச்சு அழகாத்தானே இருக்கா!"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். "அழகா இருக்கணும்னுதான் சாகறா! நீங்க இன்னொருத்தியக் கொண்டாந்துடுவீங்கன்னு பயந்து, உங்ககிட்ட சொல்லாம மேல செத்துக்கிட்டிருக்கா!"

உன் மாமியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் கரண்டியைக் கஞ்சிப் பானையிலேயே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். பக்கத்துச் சீனர் தன் கெரெத்தாவை எடுத்து வந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார்.

ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை. நான் யார் என்று கேட்டார்கள். சொந்தம் இல்லை என்று சொன்னேன். மறுநாள் மத்தியானம் வரை வெளி வராந்தாவில் இருந்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் இரண்டு முறை என்னைக் கடந்து போனார், என் பக்கம் திரும்பவில்லை. லீவு முடிந்து வந்துவிட்டேன்.

இப்போது நூர்தீன் கடை பூட்டிக் கிடக்கிறது. பினாங்குக்கு ஓடினாராம். எதற்கு ஓடினார் என்று பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. கணக்கெழுதும் கிராணியிடம் கெஞ்சி ஆபீஸ் டெலிபோனில் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

உன் ரகசியத்தைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டேன். நீ எதைச் சொல்லக் கூடாது என்றாயோ அதையே, யாரிடம் சொல்லக் கூடாது என்றாயோ அவரிடமே சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடி அங்கே நின்றாலும் அதையேதான் சொல்வேன். நீ மட்டும் இருந்தால் போதும்.

ருக்கு


பினாங்கு
6-9-1981

ருக்கு,

இருக்கிறேன்.

முன்னமே எழுதியிருக்கலாம். கண் சரியாகத் தெரியவில்லை என்பது பாதிக் காரணம், மனது வரவில்லை என்பது மீதி. இன்னும் ஒரு இரவு தள்ளிப்போயிருந்தால் மௌத்துதான் என்று டாக்டர் சொன்னார். பெருநாளன்று எனக்கு நினைவே இல்லை. கால் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றிவிட்டோம் என்கிறார்கள், நான் தினமும் போர்வையை விலக்கிப் பார்த்துத்தான் நம்புகிறேன்.

இனி தினமும் ஊசி. நானே தொடையில் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். போட்ட பிறகு குறித்த நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் மயக்கம், கூடச் சாப்பிட்டாலும் ஆபத்து. சுவரில் கடிகாரம் தட்டுகிற சத்தம் கேட்டால் செய்வதை விட்டுவிட்டு மணியை எண்ணுகிறேன். உன்னோடு போட்டி போட்ட நாளில் நேரம் என்பது எனக்கு விளையாட்டாக இருந்தது. திங்கள், வியாழன் நோன்பு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரமலான் பற்றி அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கன்னம் வந்துவிட்டது என்று நர்ஸ் சந்தோஷப்பட்டாள். எனக்குப் பழைய பயம்தான். அவர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

நீ கடையில் கத்தியதை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக என்னிடம் சொல்லிவிட்டார்கள். அவர் மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பத்துப் பதினைந்து நாள் ஆன பிறகு நானே கேட்டேன். "சீக்காளிய வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க மச்சான்?" என்று. அவர் எனக்காக ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். மிச்ச ரொட்டியையும் பிய்த்துப் போட்டு முடித்தார். அப்புறம், "உன்னத் தூக்கிட்டு ஓடினப்ப என் கைலி அவுந்துருச்சு. பாங்கு சொல்ற நேரம், தெரு முழுக்க ஆளு. ஒரு கையால உன்னப் புடிக்கிறதா, கைலியப் புடிக்கிறதா? உன்னத்தான் புடிச்சேன். சாப்புடு" என்றார்.

இது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை, ருக்கு. சில நாள் பதில் மாதிரி இருக்கிறது. சில நாள் மாமியார் முகத்தைப் பார்த்ததும் அது பதில் இல்லை என்று தோன்றுகிறது. அவரிடம் மறுபடி கேட்கத் துணிச்சல் இல்லை.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நீ வந்திருக்காவிட்டால் நான் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் கடை வழியாக நடக்கும்போது அத்தனை கண்களும் என்மேல் படுகின்றன. இவள் புருஷன் போய்விடுவான் என்று பயந்து செத்துப்போகப் பார்த்தவள் என்று. அந்த வார்த்தைகளை நீ என் தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டாய். நான் அவற்றோடு குடியிருக்கிறேன். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போகாமலே இருந்தாலும் இருக்கும்.

அதற்காக எழுதாமல் இருந்துவிடாதே. ஒவ்வொரு கடிதத்திலும் எனக்காகப் பயப்படாதே, என் பயமே எனக்குப் போதும். உனக்கு எத்தனை கிலோ இறங்கியது, தங்கையா அண்ணன் என்ன கிண்டல் செய்தார், மலையில் மழையா வெயிலா, அதையெல்லாம் எழுது.

எழுத்து பெரிது பெரிதாக, வரி கோணலாகப் போயிருக்கும். பார்வை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. யாரையாவது விட்டு எழுதச் சொல்லலாம் என்றார் அவர். இல்லை, இதை நானே எழுதுகிறேன் என்றேன்.

தாஹிரா